ராஜாவுக்காகக் கவலைப்பட வந்தவள்

ராஜாக்கள்கூட மாடியில் பாய் விரித்துக் காற்று வாங்கிய காலம் அது. அந்தக் காலத்தில் தாழைநாடு என்று ஒரு நாடு இருந்தது. அதை ஆண்டவர் பெயர் வில்லவராயர். நல்லவரா என்று கேட்கிறீர்களா? முக்கால்வாசி நாள் நல்லவர்தான். நம்மைப் போல.

அந்த வில்லவராயருக்கு ஒருநாள் தூக்கம் போயிற்று. போனது போனதுதான், திரும்பி வரவில்லை.

நீங்களும் புரண்டு படுத்துப் பார்த்திருப்பீர்கள். பகலெல்லாம் எங்கேயோ ஒளிந்திருந்த நினைப்பெல்லாம், தலையணையில் தலை வைத்ததும் வரிசையாக வந்து நிற்கும். கதவைத் தாழ் போட்டோமா என்று ஒன்று வரும். பத்து வருஷத்துக்கு முன்னால் நாலு பேர் நடுவில் உளறியது ஒன்று வரும். இந்த முதுகுவலி முதுகுவலிதானா என்று ஒன்று வரும். ராஜாவுக்கு மட்டும் வராமல் இருக்குமா? ராஜாவுக்குக் கட்டில் பெரியது, அதனால் இன்னும் நிறைய வந்து உட்கார்ந்தது.

மூன்று வைத்தியர்கள் வந்தார்கள். முதல் வைத்தியர் எருமைப் பாலில் கசகசாவை அரைத்துக் கொடுத்தார். வயிறு நிறைந்தது, கண் மூடவில்லை. இரண்டாவது வைத்தியர் உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தேய்த்தார். கால் குளிர்ந்தது, கண் மூடவில்லை. மூன்றாவது வைத்தியர், எல்லாம் அகழியில் கத்தும் தவளைகளால் வந்த வினை என்றார். உடனே ஐம்பது வீரர்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தவளை பிடித்தார்கள். அதன் பிறகு அரண்மனையில் அப்படி ஓர் அமைதி. அந்த அமைதியில் ராஜாவின் மனசு பேசியது அவருக்கு இன்னும் தெளிவாகக் கேட்டது.

கடைசியில் ராஜாவே ஒரு யோசனை கண்டுபிடித்தார். பல்லக்குத் தூக்க ஆள் இருக்கிறது. குடை பிடிக்க ஆள் இருக்கிறது. வாய் கொப்பளிக்கத் தண்ணீர் ஊற்றக்கூட ஆள் இருக்கிறது. கவலையை மட்டும் ஏன் நானே படவேண்டும்?

மறுநாள் ஊரெல்லாம் பறையறைந்தார்கள். ராஜாவின் கவலையை வாங்கிக்கொண்டு விடியவிடிய விழித்திருக்க ஓர் ஆள் தேவை, தூங்கினால் பத்துக் கசையடி.

முதலில் ஒரு பண்டிதர் வந்தார். ராத்திரி ராஜா அவரிடம் ஒரு கவலையைக் கொடுத்தார். பண்டிதர் அதை முன்னும் பின்னும் ஆராய்ந்து, காலையில் பதினெட்டுக் கவலைகளாகத் திருப்பிக் கொடுத்தார். அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அடுத்து ஒரு மல்லன் வந்தான். தூங்கிவிடக் கூடாதே என்று கண்ணில் மிளகாயைத் தடவிக்கொண்டான். விடியவிடிய அவன் அழுத அழுகையில் அந்தப்புரமே எழுந்து உட்கார்ந்துகொண்டது. அவனையும் அனுப்பிவிட்டார்கள்.

மூன்றாவதாக வந்தவள் சடைச்சி.

"ராத்திரி முழிச்சிருப்பியா?" என்று கேட்டார் ராஜா.

"எனக்கு இருபது நாளா எப்படியும் தூக்கம் இல்ல, மகராசா. வீட்டுல முழிச்சிருக்கறத இங்க வந்து முழிச்சிருக்கேன்" என்றாள் சடைச்சி.

ராஜாவுக்குத் தூக்கம் போயும் அன்றைக்கு இருபது நாள்தான் ஆகியிருந்தது. ஆனால் அவர் அதைக் கவனிக்கவில்லை. நான் சொல்கிறேன், கேளுங்கள்.

சடைச்சியின் புருஷன் குப்பாண்டி, அரண்மனையின் பட்டத்து யானைக்குப் பாகன். இருபது நாளுக்கு முன்னால் பக்கத்து நாட்டுத் தூதர்கள் வந்தார்கள். அவர்கள் முன்னால் பட்டத்து யானை மண்டியிட்டு ராஜாவை வணங்க வேண்டும், அதுதான் வழக்கம். யானைக்கோ முன்னங்காலில் புண். முந்தின நாள் சாயங்காலமே குப்பாண்டி ராஜாவிடம் சொல்லிவிட்டான், நாளைக்கு அதனால் முட்டி மடக்க முடியாது, வேறு யானையைக் கொண்டுவருகிறேன் என்று. கொட்டடியில் அப்போது ராஜாவும் குப்பாண்டியும் யானையும் மட்டும்தான் இருந்தார்கள். "அதெல்லாம் மடக்கும். கொண்டுவா" என்று சொல்லிவிட்டு ராஜா போய்விட்டார்.

மறுநாள் யானை மடக்கவில்லை. ராஜாவின் முகத்துக்கு நேராக மரம் மாதிரி நின்றது. தூதர்களில் ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். ராஜாவுக்கு மானம் போயிற்று. "காலில் புண் இருப்பதை என்னிடம் ஏன் மறைத்தாய்?" என்று சபை நடுவில் குப்பாண்டியைப் பார்த்துக் கத்தினார். அது பச்சைப் பொய். சொன்னவருக்கும் தெரியும், கேட்டவனுக்கும் தெரியும். குப்பாண்டியைச் சிறையில் போட்டார்கள். அமாவாசையன்று காலையில் நாட்டை விட்டே துரத்திவிட வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

அத்தோடு விட்டாரா? இனிமேல் அரண்மனையில் யாரும் யானைப் பேச்சை எடுக்கக் கூடாது என்று ஓர் உத்தரவும் போட்டார். எடுத்தால் கசையடி. அன்றிலிருந்து மந்திரிகள் யானையை "அந்தப் பெரியது" என்றார்கள். பிள்ளையார் கோயிலில் முகத்தைப் பார்க்காமல் பாதத்தை மட்டும் பார்த்துக் கும்பிட்டார்கள். சடைச்சி மூன்று தடவை முறையிடப் போனாள். யானை என்று வாயெடுத்ததும் மூன்று தடவையும் வாசலிலேயே மடக்கித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அதனால்தான் அவள் இந்த வேலைக்கு வந்தாள். அவள் வாயால் சொல்ல முடியாததை, ராஜா தன் கவலையாகத் தன் வாயாலேயே சொல்லிவிட மாட்டாரா என்ற ஒரே நம்பிக்கை. அமாவாசைக்கு இன்னும் மூன்று ராத்திரிதான் பாக்கி.

முதல் ராத்திரி. ராஜாவின் அறைவாசலில் சடைச்சி பாயை விரித்தாள். ராஜா உள்ளேயிருந்து கவலையைச் சொன்னார். வடக்கு நாட்டான் படை திரட்டுகிறானாம்.

சடைச்சி நாணயமானவள். வாங்கின வேலையைச் செய்யத்தான் பார்த்தாள். வடக்கு நாட்டான் எத்தனை குதிரை வைத்திருப்பான்? அத்தனை குதிரைக்கும் கொள்ளு எங்கே வாங்குவான்? இரண்டாவது கேள்விக்கு அவள் பதில் யோசிக்கவில்லை. வாசலில் குறட்டை கிளம்பியது.

ராஜா கோபமாக வெளியே வந்தார். "உன்னைத் தூங்கவா கூப்பிட்டேன்?"

சடைச்சி பதறி எழுந்தாள். "பொய் சொல்லல மகராசா. இருபது நாளா கண்ணு மூடல. உங்க கவலைய நெனச்சேன் பாருங்க, எப்படி அசந்தேன்னே தெரியல."

கசையடி கொடுத்திருக்க வேண்டும். ஆனால் ராஜாவுக்கு வியப்பு வந்துவிட்டது. இத்தனை பெரிய கவலையை வைத்துக்கொண்டு ஒரு மனுஷி எப்படித் தூங்க முடியும்? நாளைக்கும் பார்ப்போம் என்று விட்டுவிட்டார்.

இரண்டாவது ராத்திரி. இளவரசிக்கு மாப்பிள்ளை சரியாக அமையவில்லையே என்று சொன்னார். சடைச்சி இரண்டு மாப்பிள்ளை வரைக்கும் யோசித்தாள். மூன்றாவது மாப்பிள்ளை வருவதற்குள் குறட்டை வந்துவிட்டது. ராஜா இந்தத் தடவை வெளியே வரவில்லை. அந்தக் குறட்டையைக் கேட்டபடியே படுத்திருந்தார். உள்ளதைச் சொன்னால், அவருக்குப் பொறாமையாக இருந்தது.

மூன்றாவது ராத்திரி. தான் செத்த பிறகு தன் சிலையைக் கிழக்குப் பார்த்து வைப்பார்களா, மேற்குப் பார்த்து வைப்பார்களா என்பது கவலை. சொல்லிவிட்டு ராஜா காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். குறட்டை வரவில்லை. ஒரு நாழிகை ஆயிற்று, வரவில்லை. இரண்டு நாழிகை ஆயிற்று, வரவில்லை. மூன்றாவது நாழிகையில் ராஜா எழுந்து கதவைத் திறந்தார். சடைச்சி பாயில் எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"இன்னைக்கு ஏன் தூங்கல?"

"உங்க கவல தூங்க வச்சிடும் மகராசா, எனக்கு அதுல பயம் இல்ல. இன்னைக்கு என்னோட கவல வந்து ஒக்காந்துகிச்சு."

"என்ன அது? சொல்லு."

"அதப் பேசக் கூடாதுன்னு உத்தரவு."

"இந்த அரண்மனையில என்னை மீறி யார் உத்தரவு போட்டது?"

"நீங்கதான் மகராசா."

ராஜாவுக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"யானையா?" என்றார், மெதுவாக. தான் தடுத்த சொல்லைத் தானே சொன்னார்.

சடைச்சிக்குக் கண்ணில் பொலபொலவென்று வந்துவிட்டது. "நான் குப்பாண்டி பெண்சாதி. விடிஞ்சா அவரத் தொரத்திருவாங்க. ஆனா பாருங்க, படுத்தா அந்தப் பெரிய நெனப்பு எங்க வருது? சிறையில வெத்தல குடுத்தாங்களான்னு நெனப்பேன். கடைசியா அன்னைக்குக் கொழம்புல உப்பு கூடிப்போச்சேன்னு நெனப்பேன். பதமான கொழம்புகூடச் சாப்பிடாமப் போயிட்டாரேன்னு அழுவேன்."

ராஜா தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "வடக்கு நாட்டானும் இல்ல, சிலையும் இல்ல. எனக்கு வர்றது ஒரே நெனப்புதான். இழுத்துட்டுப் போகும்போது உன் புருஷன் திரும்பினான். 'நேத்தே சொன்னேனே'ன்னு சபை கேட்கச் சொல்லப்போறான்னு நெனச்சேன். அவன் சொல்லல. 'அதோட கால்ல வேப்பெண்ணெய் போடுங்கய்யா'ன்னு காவலாளிகிட்டச் சொல்லிட்டுப் போனான். தெனமும் ராத்திரி அவன் திரும்புறான். தெனமும் அதையேதான் சொல்றான்."

இரண்டு பேரும் ஒரே மனுஷனை நினைத்துத்தான் இத்தனை நாள் விழித்திருந்தார்கள்.

ராஜா சட்டென்று நிமிர்ந்தார். "சரி. காலையில அவனை மன்னிச்சு விட்டுடறேன். போதுமா?"

இங்கேதான் நீங்கள் நன்றாகக் கேட்க வேண்டும். சடைச்சிக்கு நாக்கு நுனி வரைக்கும் "போதும் மகராசா" என்று வந்தது. புருஷன் வீட்டுக்கு வந்துவிடுவான், வேறென்ன வேண்டும்? ஆனாலும் மனசில் இருந்ததைச் சொல்லிவிட்டாள்.

"மன்னிப்பு தப்பு செஞ்சவங்களுக்கு, மகராசா. அவரு செய்யலையே. நீங்க மன்னிச்சு விட்டா, சொல்லாம மறைச்ச பாகன்னு அவருக்குக் கடைசி வரைக்கும் பேரு நிக்கும். ஒரு ஆனையையும் நம்பிக் குடுக்க மாட்டாங்க. அவராவது வீட்டுக்கு வருவாரு. உங்களுக்குத் தூக்கம் வராது."

ராஜாவின் முகம் சிவந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஐயோ, வந்த வாழ்வைக் கெடுத்துக்கொண்டேனே என்று சடைச்சி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள்.

உள்ளே ராஜாவும் தூங்கவில்லை. நான்தான் பொய் சொன்னேன் என்றால் மந்திரிகள் என்ன நினைப்பார்கள்? சேனாபதி மதிப்பானா? இந்தச் செய்தி தூதர்கள் காதுக்கும் போகுமே, இந்தத் தடவை வாயைப் பொத்தாமலே சிரிப்பார்களே? ஒவ்வொரு சிரிப்பாக நினைத்துப் பார்த்தார். கோழி கூவும்போது எல்லார் சிரிப்பும் தீர்ந்துபோயிருந்தது. அவர் இன்னும் உயிரோடுதான் இருந்தார்.

விடிந்தது. சபை கூடியது. குப்பாண்டியைக் கையில் கயிற்றோடு கொண்டுவந்து நிறுத்தினார்கள். எல்லைக்குக் கொண்டுபோகும் வண்டி வாசலில் காத்திருந்தது. தூணுக்குப் பக்கத்தில் சடைச்சி நின்றாள்.

ராஜா எழுந்து நின்றார். கடைசி வரிசைக்குக் கேட்கும்படி சொன்னார்.

"யானையின் காலில் புண் இருப்பதை இவர் முந்தின நாளே என்னிடம் சொன்னார். நான் கேட்கவில்லை. என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள இவர் மேல் பொய் சொன்னேன். இவர் குற்றவாளி இல்லை. குற்றம் என்னுடையது. குப்பாண்டி, நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும்."

யாருமே சிரிக்கவில்லை. ராத்திரியெல்லாம் அவர் எண்ணிவைத்த சிரிப்பில் ஒன்றுகூட வரவில்லை. காவலாளி கயிற்றை அவிழ்த்தான். ராஜா தன்னைப் போய் நீங்கள் என்றதும் குப்பாண்டிக்கு எங்கே பார்ப்பதென்றே தெரியவில்லை. மணிக்கட்டைத் தடவிக்கொண்டே, "மன்னிக்கறதெல்லாம் பெரிய வார்த்தைங்க... கால் எப்படி இருக்குதுங்க?" என்று கேட்டான்.

"ஆறிக்கிட்டு வருது. வேப்பெண்ணெய்தான் போடுறோம்" என்றான் காவலாளி.

தலைமை மந்திரி இந்தச் சமயத்துக்கு ஏற்ற நீண்ட உரை ஒன்றைத் தொடங்கத் தொண்டையைச் செருமினார். செருமி முடித்து ராஜாவைப் பார்த்தால், அவர் சிம்மாசனத்தில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். கிரீடம் ஒரு காதின் மேல் சரிந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. மந்திரி தம் உரையை விழுங்கினார். சபை முழுவதும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நுனிக்காலில் வெளியே நடந்தது.

உச்சி வெயில் நேரத்தில் குப்பாண்டி பட்டத்து யானையை ஆற்றுக்கு ஓட்டிக்கொண்டு போனான். சடைச்சி கூடவே நடந்தாள். சபை மண்டபத்தின் ஓரமாக வந்தபோது அவன் யானையை நிறுத்தினான். அதன் கழுத்து மணியைப் பிடித்து, உள்ளே இருந்த நாக்கைத் தன் தலைத்துண்டால் சுற்றிக் கட்டினான்.

"உங்களை இருபத்துமூணு நாள் சிறையில வச்ச ஆளு. அவருக்காகப் போயி மணி நாக்கக் கட்டுறீங்களே" என்றாள் சடைச்சி.

"அவருந்தான் இருபத்துமூணு நாளாத் தூங்கல. தூங்கட்டும், விடு" என்றான் குப்பாண்டி.

யானை சத்தமே இல்லாமல் அந்த இடத்தைத் தாண்டிப் போயிற்று. உள்ளே ராஜாவின் குறட்டை மட்டும் கேட்டது.

ஆகவே கேட்டவர்களே, ராத்திரியில் நம்மைத் தூங்கவிடாத தவற்றைச் சுமக்க வேறு ஆள் கிடைக்காது, பகலில் நம் வாயாலேயே அதை ஒப்புக்கொண்டால்தான் தூக்கம் வரும்.