மூன்றாவது கம்பைலர்

கோவையில், டயாலிசிஸ் இயந்திரங்களுக்கு மென்பொருள் எழுதும் ஒரு சிறிய நிறுவனத்தில் நஸ்ரின் தலைமைப் பொறியாளராக இருந்தார். திருமாறன் அவரிடம் தொழில் கற்றவன். கற்றுப் பல வருடங்கள் ஆகியும் அவரை விட்டு வேறு இடம் போகாதவன்.

ஒரே மென்பொருளை மூன்று வகை இயந்திரங்களுக்காக எழுதியதை இயந்திர மொழிக்கு மாற்றும் மூன்று கம்பைலர்களில் பில்டு செய்து தயாரிக்க வேண்டும். மென்பொருளுக்குள் ஒருசேர ஓடும் இரண்டு த்ரெட்கள் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் எழுதிக் கணக்கைக் குழப்பிவிடாதபடி மூன்றிலும் லாக் என்ற பூட்டு இருக்க வேண்டும். அது எப்போதும் திருமாறனின் வேலை. இந்த முறை நஸ்ரின் அதைப் பூங்கோதையிடம் கொடுத்தார். போன வருடம் சேர்ந்தவள்.

"பூங்கோதை நல்லா எழுதறா" என்று சாப்பிடும்போது நஸ்ரின் சொன்னார். திருமாறன் பாதிச் சாப்பாட்டோடு எழுந்தான்.

திங்கட்கிழமை கம்பைலர்களுக்கு அவள் கட்டளை எழுதிய பில்டு கோப்பைத் திறந்தான். குறை தேடித்தான் திறந்தான். கிடைத்தது. இரண்டு கம்பைலர்கள் லாக்கைத் தாமாகவே சேர்த்துக்கொள்ளும். மூன்றாவது பழையது. கோப்பில் எழுதிச் சொன்னால்தான் சேர்க்கும், சொல்லாவிட்டால் ஒரு எச்சரிக்கைகூட இல்லாமல் விட்டுவிடும். பூங்கோதை எழுதவில்லை.

சோதனையில் விழட்டும், எல்லார் முன்னாலும் விழட்டும் என்று கோப்பை மூடினான். அன்று மாலை அவளுக்கு அவனே டீ வாங்கிக் கொடுத்தான்.

வெள்ளிக்கிழமைவரை சோதனையில் விழுந்ததாக யாரும் சொல்லவில்லை. அதற்கு மேல் பொறுக்காமல் நஸ்ரினின் அறைக்குப் போனான்.

"ஒண்ணு கேக்கலாமா மேம்?"

"கேளுங்க."

"என்கிட்ட என்ன குறை கண்டீங்க? ஏன் அவளுக்குக் கொடுத்தீங்க?"

நஸ்ரின் எழுந்து தன் நாற்காலியை அவன் பக்கம் திருப்பினார்.

"உக்காருங்க. சோதனை முடிஞ்சுது, மூணும் பாஸ். ஆஸ்பத்திரிகளுக்கு நீங்களே அனுப்பிடுங்க."

"மூணுமா?"

"மூணும்தான்."

த்ரெட் கோளாறு சோதிக்கும்போதெல்லாம் வந்து நிற்காது. நூறு முறை ஒளிந்துகொண்டு ஒரு முறை தலைகாட்டும். இது அவனுக்குத் தெரியாததா? திங்கட்கிழமை அதை நினைக்க அவனுக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

திரையில் அனுப்பும் பொத்தான். எங்கோ ஒரு படுக்கையில் ஒருவர், அவர் ரத்தம் ஓடும் குழாய், பம்ப்பின் வேகத்தைக் காட்டும் எண். திருமாறன் மவுஸிலிருந்து கையை எடுத்தான்.

"மூணாவதுல லாக் இல்லை மேம்."

பூங்கோதையைக் கூப்பிட்டார்கள். கோப்பைப் படித்தாள். முகம் செத்துவிட்டது.

"எப்பண்ணா பாத்தீங்க?"

"திங்கட்கிழமை."

அவள் திரையின் பக்கம் திரும்பினாள். விட்டுப்போன வரியைச் சேர்த்தாள், மூன்றையும் மறுபடி பில்டுக்குப் போட்டுவிட்டு வெளியே போனாள். திட்டிவிட்டுப் போயிருக்கலாம் என்று அவனுக்கு இருந்தது.

"எனக்கு இந்தக் கோளாறு தெரியும்னு தெரிஞ்சுதான் உக்கார வச்சீங்களா மேம்?"

"இல்லையே. இந்த வேலைக்கு ஆசைப்படறீங்கன்னு வச்சேன்."

"அப்ப இந்தக் கோளாறு..."

"எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. நீங்க அழுத்தியிருந்தா இந்நேரம் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கும்."