முதலில் பலாப்பழம் வரட்டும்

ஒரு காட்டில் ஓர் ஏரி இருந்தது. ஏரிக்கு மேலே மேட்டில் யானைகள் வாழ்ந்தன. கரைக்குக் கீழே பள்ளத்தில் காட்டுப்பன்றிகள். கரை உடைந்தால் முதலில் முங்குவது யார் என்று உங்களுக்கே தெரியும், குழந்தைகளே.

பள்ளத்தில் முள்ளி என்றொரு தாய்ப்பன்றி ஐந்து குட்டிகளோடு இருந்தாள். நியாயம் என்று வந்துவிட்டால் இம்மியும் விட்டுக்கொடுக்க மாட்டாள். அந்த வருஷம் பள்ளத்தில் தீனி இல்லை. ஏரிக்கரையில் கோரைக்கிழங்கு கிடைத்தது. தினமும் கரையைக் கிளறித்தான் குட்டிகளின் வயிற்றை நிரப்பினாள்.

ஒரு நாள் ஏரியில் வாழ்ந்த நீர்நாய் ஓடி வந்தான். "முள்ளியக்கா, கரையில் கசிவு கண்டிருக்கிறது. கோரை வேர்தான் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இனிமேல் தோண்டாதே."

"கரை முழுக்க மருத மரங்கள் நின்றனவே தம்பி, அவற்றை வேரோடு சாய்த்துத் தின்றது யார்?"

"யானைகள்தான்."

"தின்று கொழுத்தவர்களை விட்டுவிட்டு என்னிடம் வருகிறாய். நாங்கள் இப்போதுதான் வாய் வைக்கிறோம்."

அவள் சொன்னது அத்தனையும் உண்மை. நீர்நாய் அவளை மேட்டுக்கு அழைத்துப் போனான்.

யானைத் தலைவன் கொம்பன் இனிக்க இனிக்கப் பேசுகிறவன். "தவறு எங்கள்மேலும் உண்டு, முள்ளியம்மா. இனி நாங்கள் மரத்தைத் தொட மாட்டோம். நீங்களும் தோண்டக் கூடாது."

"மரம்தான் மிச்சமில்லையே ஐயா. நான் தோண்டாவிட்டால் என் குட்டிகள் எதைத் தின்னும்?"

"எங்கள் மேட்டில் பலா காய்த்துத் தொங்குகிறது. உங்களுக்குக் கொண்டுவந்து தருகிறோம்."

"எப்போது?"

"ஆகட்டும்," என்றான் கொம்பன்.

அந்த ஒரு சொல்லை நம்பி முள்ளி பத்து நாள் தோண்டாமல் இருந்தாள். குட்டிகளுக்கு விலா எலும்பு தெரிந்தது. மறுபடி போய்க் கேட்டாள். "ஆகட்டும், ஆகட்டும்." அடுத்த வாரமும் அதே ஆகட்டும்தான். சொல்லும்போது அவன் வாயில் பலாச்சுளை இருந்தது.

முள்ளிக்கு ஆத்திரம் தலைக்கேறியது. நேராகக் கரைக்குப் போய், கசிவு இருந்த இடத்திலேயே மூக்கை நுழைத்துத் தோண்டினாள்.

நீர்நாய் பதறிப்போனான். "அக்கா, அங்கே வேண்டாம். நேர் கீழே உன் குட்டிகள் படுத்திருக்கின்றன."

"ஏரி போனால் அவனுக்கும் தண்ணீர் கிடையாது. இங்கே தோண்டினால்தான் பயந்து இறங்கி வருவான்."

"வருவதற்குள் உடைந்துவிட்டால்? வா, நாம் இருவருமாக மண் தள்ளி அடைப்போம். நியாயத்தை அப்புறமும் கேட்கலாம்."

"கெடுத்தவன் அடைக்கட்டும். முதலில் பலாப்பழம் வரட்டும்."

மறுநாள் மதியம் மழை பிடித்தது. குட்டிகளைப் பள்ளத்திலேயே விட்டுவிட்டு முள்ளி கரையோரப் பாறையில் நின்று மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொம்பன் நிஜமாகவே பயந்துபோனான். துதிக்கையில் ஒரு பலாப்பழத்தோடு சரிவில் அவன் வேகவேகமாக இறங்குவது தெரிந்தது.

"வருகிறான் பார் தம்பி," என்றாள் முள்ளி. அவள் வாய் மூடுவதற்குள் கரை பிளந்தது.

வெள்ளம் வடிய வெகுநேரம் ஆயிற்று. ஐந்து குட்டிகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

கொம்பன் பழத்தை அவள் முன்னால் வைத்தான். "தவறு எங்களுடையதுதான், முள்ளியம்மா," என்றான். அவனுக்குப் பின்னால் யானைக் கன்றுகள் வெறும் ஏரியில் இறங்கித் தண்ணீர் தேடிக்கொண்டிருந்தன.

முள்ளி பழத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. பள்ளத்துச் சேற்றை மூக்கால் கிளறிக்கொண்டே, "நான் கேட்டது நியாயம்தானே தம்பி?" என்றாள்.

"நியாயம்தான் அக்கா," என்றான் நீர்நாய்.

அவள் கிளறுவதை நிறுத்தவில்லை.

நீதி: கரையைக் கெடுத்தது யார் என்று வெள்ளம் விசாரிக்காது, பள்ளத்தில் இருப்பவர்கள் வாயால் நியாயம் கேட்கும்போதே கையால் கரையையும் அடைக்க வேண்டும்.