தேர் நின்ற வருஷம்

ஏழரைச் சனி ஊருக்கெல்லாம் பொது. அது போதாதென்று மாசானத்துக்கு ஏழாம் வருஷச் சனி என்று தனியாக ஒன்று இருந்தது. எந்த ஜோசியரும் அதைச் சொல்லவில்லை. அவரே கண்டுபிடித்து, அவரே சோறு போட்டு வளர்த்து வைத்திருந்தார்.

இருபத்தெட்டு வயதில் அப்பா போனார். முப்பத்தைந்தில் உழவு மாடுகள் இரண்டும் ஒரே மாதத்தில் செத்தன. நாற்பத்திரண்டில் இடது கையில் இரண்டு விரல்கள் போயின. இப்போது நாற்பத்தொன்பது. நாளைக்குத் தேரோட்டம்.

மாசானம் தேருக்குக் கட்டை போடுகிறவர். வடம் பிடிக்க ஊரே திரண்டு வரும். ஆனால் தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை கொடுக்கும் நாலைந்து பேர்தான். உருண்டு வரும் சக்கரத்தின் முன்னால் குனிந்து கட்டையைச் செருக வேண்டும், சட்டென்று கையை எடுத்துக்கொள்ள வேண்டும். கட்டையை வைப்பது பாதி வித்தை, கையை எடுப்பது மீதி. மாசானம் அந்த மீதியில்தான் கோட்டை விட்டார்.

அவருடைய ஆசான் ஆவுடையப்பனுக்கு அவரைவிட இரண்டு வயது குறைவு. மாசானம் இந்த வேலைக்குப் பிந்தி வந்தவர். அதனால் சீடர் குருவை ‘ஆசானே’ என்பார், குரு சீடரை ‘அண்ணே’ என்பார். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். அவர்கள் இருவருக்கும் வராது.

அன்று காலை ஆவுடையப்பன் தேர்நிழலில் உட்கார்ந்து, புளியங்கட்டை ஒன்றை வாச்சியால் செதுக்கிக்கொண்டிருந்தார். மாசானம் போய் எதிரே நின்றார்.

“ஆசானே, நாளைக்கு என்னை விட்டுருங்க. வேற ஆளைப் போடுங்க.”

“காய்ச்சலா அண்ணே?”

“வருஷம் சரியில்ல. எனக்கு ஏழாம் வருஷம் ஆகாது.”

“யாரு சொன்னா?”

“யாரு சொல்லணும்?” மாசானம் இடது கையைத் தூக்கிக் காட்டினார். “இது சொல்லலையா?”

வாச்சி நிற்கவில்லை. “விரல் போனதுதான் இத்தனை நாளா உறுத்துதா?”

“விரல் கிடக்கு. அது என் விரல், போனா போகுது. தேர் நிலைக்கு வரலையே ஆசானே!”

சொல்லும்போதே அவர் முகம் சுண்டிப்போயிற்று. ஏழு வருஷத்துக்கு முன்னால், தெற்கு வீதி இறக்கத்தில் வடம் அறுந்து தேர் தானாக உருண்டது. மாசானம் பாய்ந்து முன் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தார். தேர் நின்றது. நின்ற வேகத்தில் அச்சு முறிந்தது. போன அன்றே நிலைக்குத் திரும்ப வேண்டிய தேர், நாலு நாள் நடுவீதியில் கிடந்தது. கட்டை போடுகிறவனுக்கு அதைவிடத் தலைக்குனிவு வேறில்லை. ‘கை ராசி அப்படி’ என்று டீக்கடையில் எவனோ சொன்னது அவர் காதில் விழுந்தது. அன்றிலிருந்து அவராகவே கேட்டுப் பின் சக்கரத்துக்குப் போய்விட்டார். தெற்கு வீதியில் கால் வைப்பதில்லை. சந்தைக்குக்கூடச் சுற்றிக்கொண்டுதான் போவார். தேரோடு போகும்போது மட்டும் வேறு வழியில்லை. அப்போதும் சக்கரத்தைத் தவிர எதையும் பார்க்கமாட்டார்.

“எனக்கு என்ன ஆனாலும் சரி,” என்றார். “என் கெட்ட வருஷம் மறுபடி தேர்மேல விழுந்திரக் கூடாது.”

ஆவுடையப்பன் கட்டையில் ஒட்டியிருந்த தூளை ஊதினார்.

“பதில் சொல்லுதேன். அதுக்கு முன்னால ஒரு காரியம். தெற்கு வீதி மூலை வீட்டுல இசக்கியம்மா இருக்காள்லா? அவ மகளுக்கு என்ன வயசுன்னு கேட்டுட்டு வாங்க.”

மாசானத்துக்குச் சுருக்கென்றது. தலை போகிற விஷயத்தைச் சொல்ல வந்தால், ஆசானுக்கு யாரோ பெற்ற பிள்ளையின் வயசு வேண்டியிருக்கிறது. அதுவும் அந்த வீட்டில். அச்சு முறிந்த தேர் கிடந்ததே அந்த வீட்டுக்கு எதிரில்தான். அந்தப் பிள்ளைக்குப் பெயர் வைத்தபோது அவரைக் கூப்பிட்டு ஆள் வந்தது. குத்திக்காட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவர் போகவில்லை. ஆனால் ஆசான் சொல்லைத் தட்டி அவருக்குப் பழக்கமில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

இசக்கியம்மாள் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் எழுந்துவிட்டாள்.

“வாங்கண்ணே! ஏழு வருஷமா எங்க வீட்டுக்கு வழி தெரியலையாக்கும்?”

“ஆசான் அனுப்பினாரு. உன் மகளுக்கு என்ன வயசுன்னு கேட்டாரு.”

“வயசா?” அவள் சிரித்தாள். “தேர் நின்ன வருஷம் பொறந்தவள்னு சொல்லுங்க. அவருக்குத் தெரியும்.”

“தேர் நின்ன வருஷமா?”

“எங்க தெருவுல அப்படித்தான் சொல்லுவோம். எதிர்வீட்டுக் கல்யாணம் தேர் நின்னதுக்கு மறுவருஷம். கிணறு தூர் எடுத்தது அதுக்கும் மறுவருஷம். எல்லாத்துக்கும் அதுல இருந்துதான் கணக்கு.”

தான் மறக்கப் பார்த்த வருஷத்தை வைத்து ஒரு தெருவே காலம் கணித்துக்கொண்டிருப்பது மாசானத்துக்கு அன்றுதான் தெரிந்தது.

“தேர் உருண்டு வருதுன்னதும் எல்லாரும் ஓடிட்டாங்க,” என்றாள் இசக்கியம்மாள். “நான் இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் வலியில கிடக்கேன். நான் எங்க ஓட? மருத்துவச்சி என் கையை விடல, பாவம், அவளும் ஓடல. வெளியே மடக்குன்னு ஒரு சத்தம். பொறவு ஒண்ணுமே இல்ல. அந்தியில இவ பொறந்தா. உள்ள வாங்கண்ணே.”

உள்ளே சுவரில் சாமி மாடம். விளக்குக்குப் பக்கத்தில் பிளந்துபோன கட்டை ஒன்று இருந்தது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பூவும் சார்த்தியிருந்தார்கள். அது தன் கை செதுக்கிய கட்டை என்று மாசானத்துக்குப் பார்த்ததுமே தெரிந்தது. சகுனம் கெட்ட கட்டை, யாராவது அடுப்பில் வைத்திருப்பார்கள் என்றுதான் அவர் இத்தனை நாள் நினைத்திருந்தார்.

மகள் ஓடி வந்தாள். அவருடைய இடது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

“இந்த விரல்தானாம்மா?”

“ஆமா, இதுதான்.”

தன் சொந்தப் பொருளைப் பார்ப்பதுபோல் அவள் அந்த விரலில்லாத இடத்தைப் பார்த்தாள். எதிர்வீட்டுப் பிள்ளைகளையும் கூப்பிட்டுக் காட்டினாள். மாசானத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் அவர் கையை மறைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் உயர்த்தியே பிடித்தார்.

திரும்பும்போது அவர் சுற்றுவழியில் போகவில்லை. தெற்கு வீதியின் நடுவிலேயே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, மாப்பிள்ளை ஊர்வலம்போல நிதானமாக நடந்தார்.

ஆவுடையப்பன் கட்டையைச் செதுக்கி முடித்திருந்தார்.

“என்ன வயசாம்?”

“தேர் நின்ன வருஷம் பொறந்தவளாம்.”

“அது நல்ல வருஷமா, கெட்ட வருஷமா?”

மாசானம் தேரை அண்ணாந்து பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்:

“இருந்தாலும் ஆசானே, இந்த வருஷமும் வடம் அறுந்துட்டா?”

ஆவுடையப்பன் எழுந்து வந்தார். புதுக் கட்டையை மாசானத்தின் இடது கையில் வைத்தார்.

“அறுந்தாலும் அறும். நல்ல வருஷத்துல யாரு வேணும்னாலும் கட்டை போடுவான் அண்ணே. கெட்ட வருஷத்துலதான் முன் சக்கரத்துக்கு நீங்க வேணும்.”