அரசரின் புல்வெளியில் பொன்னேர்

முன்னொரு காலத்தில், எந்தக் காலம் என்று கேட்காதீர்கள், மழை பெய்தால்கூட அதை ஓலையில் எழுதி முத்திரை வைத்த பிறகே பெய்ததாக ஒப்புக்கொள்ளும் ஒரு நாடு இருந்தது. அதை ஆண்டவர் மன்னர் சேந்தன். நல்ல மனிதர்தான். ஆனால் காலையில் மனதில் தோன்றியது மதியச் சாப்பாட்டுக்குள் நடந்தாக வேண்டும் அவருக்கு.

அரண்மனைக்குப் பின்னால் அவருடைய குதிரைகள் மேயும் புல்வெளி ஒன்று உண்டு. தினமும் காலையில் அதன் ஓரத்தில் நின்று வானம்பாடி பாடுவதைக் கேட்பார். ஒருநாள் யாரோ அவரிடம், நாட்டில் கொறங்காடுகளை எல்லாம் உழுது பருத்தி போடுகிறார்கள், இன்னும் சில வருடங்களில் வானம்பாடி இந்த ஒரு புல்வெளியில்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டார்கள். கொறங்காடு என்பது சுற்றிலும் கிளுவை வேலி வைத்து, ஏர் படாமல், மாட்டுக்கென்றே புல் விட்ட நிலம். தலைமுறை தலைமுறையாக அதில் கொழுக்கட்டைப் புல் தானே விதை உதிர்த்துத் தானே முளைக்கும். ஒருமுறை உழுதுவிட்டால் பிறகு அந்தப் புல் திரும்பி வருவது சந்தேகம்தான்.

மன்னருக்கு மனம் கலங்கிவிட்டது. புல்லை உழாமல் காப்பவர்களுக்கு அரண்மனைக் களஞ்சியத்திலிருந்து ஆண்டுதோறும் தானியம் தரப்படும் என்று அங்கேயே நின்று அறிவித்தார். நல்ல அறிவிப்பு. இத்தோடு நின்றிருந்தால் நான் சொல்லக் கதையே இருந்திருக்காது.

மறுநாள் சபையில், யார் புல்லைக் காத்தார், யார் காக்கவில்லை என்பதை எப்படி அறிவது என்று கேட்டார் மன்னர். ஓலைநாயகம் கருணாகரர் எழுந்தார். நாட்டின் எழுத்து வேலை முழுவதற்கும் அவர்தான் தலைவர். நாற்பது ஓலையில் விண்ணப்பம் வாங்கலாம் என்றார். சபை கொட்டாவி விட்டது. அப்போது விகடகவி நாச்சப்பன் எழுந்தான்.

நாச்சப்பனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சபையில் யாராவது சிரிக்கக் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் அவன் நாக்கு சும்மா இருக்காது. கருணாகரரைப் போலவே தொண்டையைச் செருமி, அவரைப் போலவே கண்ணை மூடி, மூன்று நிபந்தனைகள் சொன்னான். ஆய்வு செய்யும் நாளில் புல் முழங்கால் உயரம் நிற்க வேண்டும். அதே நாளில் மாடுகள் அந்தப் புல்லை மேய்ந்துகொண்டும் இருக்க வேண்டும், இல்லையேல் அது மேய்ச்சல் நிலம் ஆகாது. வானம்பாடிக் கூட்டை ஆய்வாளர் கண்ணால் காண வேண்டும், ஆனால் கூடு மிதிபடாதிருக்கும் பொருட்டு ஒருவரும் புல்லில் கால் வைக்கக் கூடாது.

மன்னர் கிரீடம் நழுவும் அளவுக்குச் சிரித்தார். சிரித்த வேகத்தில், "இதையே எழுதுங்கள்" என்றார். தம்முடைய வெற்றிலைப் பெட்டியைத் திறந்து தம் கையால் ஒரு தாம்பூலம் மடித்து நாச்சப்பனுக்குக் கொடுத்தார். அது விளையாட்டு, எழுத வேண்டாம் என்று நாச்சப்பன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாயில் மன்னர் கொடுத்த வெற்றிலை இருந்தது.

கருணாகரர் சிரிக்காமல் எழுதினார். கடைசியில் தம் பங்குக்கு இரண்டு வரி சேர்த்தார். இந்நாட்டில் உள்ள புல் நிலம் எதுவாயினும் இந்த ஆணைக்கு உட்பட்டது, யாருக்கும் விலக்கில்லை என்பது ஒன்று. மூன்று ஆய்வுகளிலும் தேறாத நிலத்தை அன்றே உழுதுவிட வேண்டும், ஏரை நிலத்துக்காரரே கொண்டுவர வேண்டும் என்பது மற்றொன்று.

ஏழெட்டு மாதம் போயிற்று. ஒரு நடுப்பகலில் நாச்சப்பன் வீட்டு வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். நாற்பது வயது இருக்கும். பெயர் வேலாத்தாள். தெற்குச் சீமையில் கொறங்காடு வைத்திருப்பவள், புருஷன் இல்லை, ஒன்பது உருப்படி மாடு. கையில் துணியில் கட்டிய ஓலைக் கட்டு. சபையிலேயே புத்திசாலி நீங்கள்தான் என்றும் மன்னர் உங்கள் பேச்சைத்தான் கேட்பார் என்றும் ஊரில் சொன்னார்களாம். அதை நம்பி இரண்டு நாள் நடந்து வந்திருக்கிறாள்.

நாச்சப்பன் ஓலையைப் பிரித்தான். முதல் வரியிலேயே அவனுக்கு முகம் சுண்டிவிட்டது.

அவள் நடந்ததைச் சொன்னாள். புல் முழங்கால் உயரம் வேண்டும் என்றதால் மாடுகளை இரண்டு மாதம் தங்கை ஊருக்கு ஓட்டிவிட்டாள். புல் நன்றாக வளர்ந்தது. ஆய்வுக்கு வந்தவர் பார்த்தார், மாடு இல்லை, மேய்ச்சல் நிலம் அல்ல என்று எழுதிவிட்டுப் போனார். இரண்டாம் ஆய்வுக்கு முந்தின நாள் மாடுகளைத் திரும்ப ஓட்டி வந்தாள். வழியெல்லாம் பட்டினியாக வந்த மாடுகள். வேலிப் படலைத் திறந்ததும் உள்ளே பாய்ந்து, மறுநாள் அந்த ஆய்வாளர் பல்லக்கை விட்டு இறங்கும்போது புல்லைக் கணுக்காலுக்குக் கொண்டுவந்துவிட்டன. புல் இல்லை என்று எழுதினார். அந்த நடையில் ஒரு சினைமாடு கன்று போட்டுவிட்டது, கன்றுக்கு உயிர் இல்லை. மூன்றாம் ஆய்வு இன்னும் ஆறு நாளில். அதிலும் தேறாவிட்டால் ஏர் பூட்ட வேண்டும்.

"தானியம் வேண்டாமுங்க சாமி. காடு இருந்தாப் போதும். கூடு இருக்குதுங்க, தெக்கு வேலியோரம் எனக்குத் தெரியும். காட்டோணும்னா மிதிக்கோணும். இதுல எந்த வரிக்கு நான் நடக்கறது, அதை மட்டும் சொல்லுங்க" என்றாள்.

நாச்சப்பன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். ஏதாவது செய்கிறேன் என்றான். இதை எழுத வைத்தவன் நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் அவனைக் கும்பிட்டுவிட்டுச் சத்திரத்துக்குப் போனாள். தன்னை ஒருவர் கும்பிட்டதற்காக அவன் கூனிக் குறுகியது அன்றுதான்.

நேரே கருணாகரரிடம் போய், இந்த ஒரு காட்டை விட்டுவிடும்படி கெஞ்சினான். பல வருடங்களாக இந்த நாளுக்குக் காத்திருந்தவர் அவர். நிதானமாகச் சொன்னார்:

"மூன்று நிபந்தனைகளும் தங்கள் திருவாய் மொழிந்தவை. சபையில் இதைப் பற்றித் தாங்கள் வாய் திறந்தால், யார் மொழிந்தது என்பதை அந்தப் பெண்ணுக்கு எதிரில் நானும் சொல்ல நேரும்."

ஆனாலும் நாச்சப்பன் மறுநாள் சபையில் வாய் திறந்தான். ஆணைப்படி ஒரு நிலமும் தேறாது, திருத்த வேண்டும் என்றான். கருணாகரர் உடனே வலை விரித்தார். அரச ஆணை நடக்காத ஒன்று என்று சொல்வது பெரிய குற்றம். ஆகவே எழுத்து ஒன்றுகூட மாறாமல், மூன்று நாளில் ஒரே ஒரு புல் நிலத்தை நாச்சப்பன் ஆய்வுக்குக் காட்டித் தேறச் செய்யட்டும். தேறினால் அந்தப் பெண்ணின் காடு தப்பும். தேறாவிட்டால் அவன் பதவி போகும், அவள் காட்டை ஆறு நாள் காத்திராமல் உழுதுவிடலாம். ஆய்வைத் தாமே செய்வதாகவும், ஒரே ஆய்வே முடிவு என்றும் சொன்னார்.

மன்னருக்குப் போட்டி என்றால் போதும். அந்த நிபந்தனைகள் எங்கிருந்து வந்தன என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. ஆகட்டும் என்றுவிட்டார்.

மூன்றாம் நாள் காலை, நிலம் தயார் என்று நாச்சப்பன் சொல்லி அனுப்பினான். தொலைவில் எங்கோ போக வேண்டும் என்று நினைத்து மன்னர் தேர் பூட்டச் சொன்னார். தேர் வேண்டாம், நடந்தே வரலாம் என்றான். மன்னரையும் சபையையும் அரண்மனையைச் சுற்றிப் பின்பக்கம் அழைத்துப்போய், மன்னரின் புல்வெளி ஓரத்தில் நிறுத்தினான். அங்கே ஏற்கனவே இரண்டு காளைகள் நுகத்தில் நின்றன. பின்னால், சித்திரையில் ஆண்டின் முதல் உழவாக நல்லேர் பூட்டும் நாளில் மட்டும் வெளியே எடுக்கும் அரண்மனைப் பொன்னேர். ஏரின் கைப்பிடியான மேழிக்குப் பக்கத்தில் வேலாத்தாள். நாச்சப்பன் சத்திரத்திலிருந்து வரச் சொல்லியிருந்தான், எதற்கென்று சொல்லவில்லை.

"அரசே, இந்த நாட்டில் தங்களைவிட அக்கறையாகப் புல்லைக் காத்தவர் எவரும் இல்லை. ஆகவே தங்கள் நிலத்தையே ஆய்வுக்குக் காட்டுகிறேன். ஓலைநாயகம் எழுத்துப்படி பார்க்கட்டும்" என்றான்.

கருணாகரருக்கு வேர்த்தது. தேறும் என்றால் அந்தப் பெண்ணின் காடும் தப்பிவிடும், தாம் பொய் சொன்னதும் தெரியும். தேறாது என்றால் எதிரில் நிற்பவர் மன்னர். கோலை எடுத்து ஓரத்தில் நின்றபடியே அளந்தார். குதிரை மேய்ந்த புல், கணுக்காலுக்குச் சற்று மேலே இருந்தது. மாடுகள் எங்கே என்று நாச்சப்பன் கேட்டான். குதிரைகள் உள்ளனவே என்றார் கருணாகரர். ஆணையில் மாடு என்றுதான் எழுதியிருக்கிறது, எழுத்து மாறக் கூடாதே என்றான் நாச்சப்பன். சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

மன்னருக்கு ரோஷம் வந்துவிட்டது. மற்றது எப்படியோ, கூடு இருப்பதை யாரும் மறுக்க முடியாது, தினமும் வானம்பாடி வந்து இறங்குவதைத் தாம் பார்க்கிற கூடு, இதோ என்று விறுவிறுவென்று புல்லுக்குள் நடந்தார். பத்து அடி போய்க் குனிந்து புல்லை விலக்கிக் காட்டினார். உள்ளே மூன்று முட்டைகள் இருந்தன. நிமிர்ந்து பார்த்தால் சபை முழுவதும் அவர் நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. மன்னர் தம் கால்களைக் குனிந்து பார்த்தார். இரண்டும் புல்லின் மேல் இருந்தன.

"தேறவில்லை, அரசே. நான் தோற்றேன். ஆணைப்படி இன்றே உழ வேண்டும். ஏரும் தங்களுடையதே" என்றான் நாச்சப்பன்.

இது அரசருக்குப் பொருந்தாது என்று கருணாகரர் கத்தினார். யாருக்கும் விலக்கில்லை என்று எழுதியவர் யார் என்று கேட்டதும் அடங்கினார். நாச்சப்பன் வேலாத்தாளைப் பார்த்து, மேழியைப் பிடிக்கும்படி கை காட்டினான். அவள் மேழியைத் தொட்டதும் மன்னரே பதறி ஆணையை விலக்கிவிடுவார் என்று நினைத்திருந்தான். இங்கேதான் அவன் போட்ட கணக்கு தவறியது. அவள் பிடிக்கவில்லை.

"மாட்டேனுங்க" என்றாள். "ராசா புல்லா இருந்தாலும் புல்லுதானுங்க. முட்டை கெடக்குது. என் கையால கிழிக்க மாட்டேன்."

மன்னர் புல்லுக்குள் நின்றபடியே தலைகுனிந்தார். பிறகு, இப்படி ஓர் ஆணையை எழுதச் சொன்ன மூடன் யார் என்று கேட்டார். கருணாகரர் ஆவலோடு தொண்டையைச் செருமினார். அவருக்கு முன்னால் நாச்சப்பன் பேசிவிட்டான்.

"அடியேன்தான், அரசே. தங்களைச் சிரிக்க வைக்கச் சொன்னேன். தாங்கள் எழுதச் சொன்னபோது தடுக்கவில்லை."

மன்னருக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. நினைவு வந்ததும் சிரிப்பும் வந்தது. வெட்கப்பட்டவர்கள் சிலசமயம் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு, அடக்க அடக்க வந்தது. மன்னர் சிரித்ததும் சபை சிரித்தது, கருணாகரரும் சிரித்தார். அங்கேயே ஆணை ரத்தானது. இனி எப்படி ஆய்வு செய்வது என்று மன்னர் வேலாத்தாளையே கேட்டார். மழை பெய்து இரண்டு மாதம் கழித்து வந்து வேலிக்கு வெளியே நின்று பார்த்தால் போதும், பக்கத்துக் காட்டுக்காரரைக் கேட்டால் மீதியைச் சொல்வார் என்றாள். அதை ஒரே ஓலையில் கருணாகரரே எழுத வேண்டும் என்று உத்தரவாயிற்று. அவள் காட்டுக்குத் தானியமும் உண்டு. நாச்சப்பன் தோளில் மன்னர் தம் சரிகைப் பட்டுச் சால்வையைப் போர்த்தி, என்னையே என் புல்லில் மடக்கினாயே என்று மறுபடி சிரித்துவிட்டுப் போனார். சபையும் பின்னாலேயே போயிற்று.

வேலாத்தாள் காளைகளை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நாச்சப்பன் அவளிடம் போய்ப் பட்டை நீட்டினான்.

"அது உங்களுக்குக் குடுத்ததுங்க" என்றாள், வாங்காமல். பிறகு நுகக்கயிற்றைச் சுற்றிக்கொண்டே, "உங்க வீட்ல மாடு கன்னு இருந்துதுங்களா?" என்று கேட்டாள்.

"எங்கப்பன் மேய்ப்பு வேலைதானுங்க அம்மணி. பன்னண்டு வயசு வரைக்கும் நானும் மேய்ச்சேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அப்பத் தெரிஞ்சுதான் சொல்லியிருக்கீங்க."

ஆமாம். மாடு நிற்கும் இடத்தில் புல் நிற்காது என்று தெரிந்ததால்தான் அந்த விகடம் அத்தனை பொருத்தமாக அமைந்தது. தெரியாதவனுக்கு அது வந்திருக்காது.

"தெரிஞ்சுதானுங்க" என்றான்.

அவள் ஓலைக் கட்டை எடுத்துக்கொண்டு தெற்கே நடந்தாள். மூன்று மாதம் கழித்து அவள் காட்டில் புல் பூத்தது, வானம்பாடியும் பாடியது, எல்லோரும் சுகமாக இருந்தார்கள். மன்னர் இந்தக் கதையைச் சாகும்வரை சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சிரிக்கும்போதெல்லாம் பக்கத்தில் நாச்சப்பன் பட்டைப் போர்த்திக்கொண்டு நின்றான். வேலாத்தாள் கேட்டதை அவனிடம் வேறு ஒருவரும் கேட்கவில்லை.