குணபாலனுக்குக் கிடைத்த அபூர்வக் கட்டி

"என் கண்ணுல மட்டும் ஏன் மேடம் எதுவும் சிக்க மாட்டேங்குது?"

டாக்டர் குணபாலன் இப்படிக் கேட்டது ஒரு திங்கட்கிழமை மத்தியானம். வெளியே மழை இருட்டு. ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்த அந்தப் பரிசோதனைக் கூடத்தில் வெளிச்சம் என்றால் மைக்ராஸ்கோப்புக்கு அடியில் எரிவதுதான்.

மார்புக் கட்டியை அறுத்து அனுப்புவார்கள். அது சாதுவா, கெட்டதா என்று எழுதிக்கொடுப்பது அவர் வேலை. பதினோரு வருஷம் ஆயிற்று. யாரும் காணாத ஒரு கட்டியைக் கண்டு ஆராய்ச்சிக் கட்டுரை எழுத வேண்டும் என்பது ஆசை. வருவதெல்லாம் ஊர் உலகத்தில் எல்லாருக்கும் வருவது.

பக்கத்து மைக்ராஸ்கோப்பில் இருந்த டாக்டர் ஜெபசீலி தலை நிமிரவில்லை. குணபாலனை விட எட்டு வயது சின்னவர். ஆனால், இந்தத் துறைக்குத் தாமதமாக வந்த குணபாலன் தொழில் கற்றது அவரிடம்தான்.

"ஒரு சாதாரணக் கட்டியை எவ்வளவு நேரம் பாப்பீங்க?"

"அதுல பாக்க என்ன இருக்கு? சீட்டுல வயசைப் பாத்தாலே தெரிஞ்சிடும். இருபது வயசுப் பொண்ணு, விரலுக்கு நழுவுற கட்டின்னா, ஸ்லைடை வைக்கறதுக்கு முன்னாடியே பாதி ரிப்போர்ட் அடிச்சிருப்பேன்."

ஜெபசீலி கையை நீட்டி அவருடைய விளக்கை அணைத்தார்.

"என்ன மேடம்?"

"வயசே போதும்னீங்களே. விளக்கு எதுக்கு வீணா?"

வியாழக்கிழமை அது வந்துவிட்டது.

பர்வதவர்த்தினி. வயது ஐம்பத்தொன்று. ஸ்லைடு முழுக்க சாதாரணக் கட்டி. ஒரு மூலையில் மட்டும், இலை மேல் இலையாக மடிந்து, நெரிசலாகக் கறுத்த அணுக்களோடு ஒரு துணுக்கு. கெட்டதிலும் கெட்ட ஜாதி. குணபாலன் அதைப் புத்தகத்தில் மட்டுமே பார்த்திருந்தார்.

ஒன்றுதான் உறுத்தியது. அந்தத் துணுக்கைத் தெளிவாக்கினால் மற்றதெல்லாம் மங்கியது. மற்றது தெளிந்தால் அது மங்கியது. ஒரே கண்ணாடியில், ஒரு மயிரிழை உயரத்தில், அது தனியாக நின்றது.

உறுத்தினால் என்ன? கட்டுரைக்குத் தலைப்பு அடித்துவிட்டுத்தான் ஜெபசீலியைக் கூப்பிட்டார்.

அவர் வந்து மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் குனிந்திருந்தார்.

"இந்தம்மா உடம்புல இதுக்கு இடமே இல்லையே."

"கண்ணு முன்னாடி இருக்கே மேடம்!"

"வாங்க."

பக்கத்து அறையில் டெக்னீஷியன் மஹபூப் பாஷா இருந்தார். சதையை மெழுகில் புதைத்து, இழை இழையாகச் சீவி, கண்ணாடியில் ஏற்றுபவர் அவர். அலமாரியில் முப்பது வருஷத்துப் பெண்கள் இருந்தார்கள். ஆளுக்குத் தீப்பெட்டி அளவு மெழுகு. பாதிப் பேர் இப்போது அங்கே மட்டும்தான் இருந்தார்கள்.

பாஷா பர்வதவர்த்தினியின் மெழுகை எடுத்து மறுபடி சீவினார். சீவல் வெதுவெதுப்பான தண்ணீரில் விழுந்து சுருக்கம் நீங்கி விரிந்தது.

"மூச்சு விடாதீங்க சார். ஓடிடும்."

பத்துச் சீவல். பத்துக் கண்ணாடி. அந்தத் துணுக்கு எதிலும் இல்லை.

"அப்ப நான் பாத்தது?"

"பாத்தது நிஜம்," என்றார் ஜெபசீலி. "இவங்களோடது இல்லை."

பாஷா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒருத்தரை முடிச்சதும் தண்ணி மேல காகிதத்தை இழுத்து வழிச்சிடுவேன் சார். அன்னிக்குக் கரண்ட் போயிப் போயி வந்துது. ஒரு தடவை விட்டிருப்பேன். முந்தினவங்களோட துணுக்கு மிதந்துக்கிட்டே இருந்திருக்கும். இந்தம்மா கண்ணாடியில ஏறிடுச்சு."

"முந்தினவங்க யாரு?"

நோட்டில் பார்த்தார்கள். நிரோஷா. வயது இருபத்திரண்டு.

ரிப்போர்ட் நேற்றே போய்விட்டது. சாதாரணக் கட்டி, பயப்பட ஒன்றுமில்லை என்று எழுதி, கீழே குணபாலனின் கையெழுத்து. அந்த ஸ்லைடைப் பார்த்தது அவருக்கு நினைவில்லை. இருபத்திரண்டு என்ற எண் மட்டும் நினைவிருந்தது.

தட்டிலிருந்து அவள் ஸ்லைடை எடுத்து வைத்தார். நடுவில் ஒன்றுமில்லை. மெதுவாக ஓரத்துக்கு நகர்த்தினார்.

இருந்தது. இலை இலையாக மடிந்து, அசையாமல், அவர் வரட்டும் என்று காத்திருந்த மாதிரி.

அவர் கண்ணை எடுத்தார். எடுத்த பிறகும் தெரிந்தது.

"சுத்தி ஓரம் விடாம இன்னொரு தடவை அறுத்து எடுத்தாத் தப்பிச்சிடுவா," என்றார் ஜெபசீலி. "விட்டா நுரையீரலுக்குப் போயிடும். இப்பவே கூப்பிடுங்க."

"சர்ஜன் பேசட்டுமே மேடம்."

ஜெபசீலி சீட்டிலிருந்த எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டு, போனை அவர் முன்னால் வைத்தார். மூன்றாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

"ஹலோ?"

"நிரோஷாவாம்மா? நான் ஆஸ்பத்திரியிலேர்ந்து டாக்டர் குணபாலன். உன் ரிப்போர்ட் விஷயமா..."

"ஐயோ, நீங்களா சார்!" அந்தப் பெண் சிரித்தாள். "கீழே கையெழுத்துல உங்க பேரைப் பாத்தேன். அம்மா ஒரு வாரமா சாப்பிடாம கிடந்தாங்க சார். நேத்து அதைக் கண்ணுல ஒத்திக்கிட்டு சாமி படத்துக்கிட்ட வச்சுட்டாங்க. வர்ற போறவங்களுக்கெல்லாம் வாசிச்சுக் காட்டிட்டிருக்கேன்."

குணபாலன் சீட்டில் இருபத்திரண்டு என்ற எண்ணைப் பார்த்தார்.

"சார்? அதுல ஏதாவது எழுத்துப்பிழையா? இருங்க, எடுத்து வாசிக்கறேன்."

அவர் போனை அணைக்கக் கை நீட்டினார்.

ஜெபசீலி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"முழுசாக் கேளுங்க," என்றார். "அப்புறம் சொல்லுங்க."