திறக்காதே என்று சொன்ன பெட்டி

எங்கள் கடற்கரையில் பெட்டி என்றால் பல பொருள். மீன் விற்கப் போகும் பெண்ணின் தலையில் இருப்பது பெட்டி. கல்யாணப் பெண்ணோடு போகும் தகரப் பெட்டியும் பெட்டிதான். ஆனால் சாவு வீட்டு வாசலில் கூட்டம் நின்று, "பெட்டி வந்தாச்சா?" என்று தணிந்த குரலில் கேட்டால், எந்தப் பெட்டி என்று யாரும் கேட்பதில்லை. கோயில் புத்தகத்தில் அதற்குப் பேழை என்று பெயர்.

இந்தச் சொல்லில்தான் செலஸ்தீனா சிக்கிக்கொண்டாள்.

அவள் கணவன் லூர்துராயன் வளைகுடாவில் மீன்பிடிப் படகில் வேலை பார்த்தான். ஒருநாள் போனில், "பெட்டி ஒண்ணு வரும். யார் சொன்னாலும் திறக்காதே. மாதா மேல சத்தியம் பண்ணு" என்றான். ஏன் என்று கேட்டாள். ஊருக்கு வந்து சொல்கிறேன் என்றான். சத்தியம் செய்தாள்.

பதினெட்டாம் நாள், அவன் கடலில் விழுந்து இறந்த செய்தி வந்தது. அன்றைய அழுகையில் சத்தியத்தையும் சொல்லிப் புலம்பினாள். ஒரு மாதம் கழித்து, ஆணியடித்து மூடிய பெட்டி வந்தது.

விமான நிலையத்திலிருந்து அதை வாங்கி வந்தவன் ராயனின் தம்பி அமலன். அவன் வருமுன்பே குழி தோண்டச் சொல்லியிருந்தான். மூடியில் வைத்த கையை எடுக்கவில்லை. போன் அடித்தால் தள்ளிப் போய்ப் பேசினான்.

"மைனி, அண்ணனுக்குச் செஞ்ச சத்தியம் இருக்கு. இப்படியே அடக்கிருவோம்" என்றான்.

செலஸ்தீனாவுக்குச் சந்தேகம் வந்தது. உள்ளே இருப்பது ராயன்தானா? ஆள் மாறி வந்திருந்தால்? இவன் எதை மறைக்கிறான்?

பங்குத்தந்தையிடம் கேட்டாள். அவர் திற என்றும் சொல்லவில்லை, திறக்காதே என்றும் சொல்லவில்லை. நீங்கள் முடிவுக்கு வந்த பிறகே செபம் தொடங்குவேன் என்று ஒதுங்கிக்கொண்டார்.

அவள் தச்சரை வரவழைத்தாள். அமலன் குறுக்கே நின்றான்.

"நீங்க பாக்க வேண்டாம், மைனி."

"வழி விடு, தம்பி."

ஆணிகள் கழன்றன.

சத்தியம் செய்தும் திறந்தாள் ஒருத்தி. சத்தியத்தைக் காட்டித் தடுத்தான் ஒருவன். எந்தப் பக்கமும் சாயாமல் நின்றார் ஒருவர். இவர்களில் யார் செய்தது சரி?

விடை: செலஸ்தீனா செய்ததே சரி. ஊருக்கு வந்து சொல்கிறேன் என்றவன், தான் உயிரில்லாமல் படுத்து வரும் பெட்டியைச் சொல்லியிருக்க மாட்டான். அவன் சொன்ன பெட்டி இன்றுவரை வந்து சேரவில்லை. எனவே சத்தியமும் உடையவில்லை. பங்குத்தந்தை காட்டியது நிதானம், ஆனால் அது அவளுக்கு உதவவில்லை. அமலனிடமும் வஞ்சகம் இல்லை. ஐந்து நாள் கடலில் கிடந்த முகத்தின் படத்தை, அடையாளம் சொல்வதற்காக அவன் போனுக்கு அனுப்பியிருந்தார்கள். அதை மைனி பார்க்கக் கூடாது என்று நினைத்தான். நல்ல எண்ணம்தான், ஆனால் பார்ப்பதா வேண்டாமா என்பது அவள் முடிவு.

முன்பு தூண்டில் கிழித்த பெருவிரல் தழும்பைத் தடவிப் பார்த்து, ராயன்தான் என்று செலஸ்தீனா அறிந்தாள். முகத்தைத் துணியால் மூடிவிட்டு, அமலன் எதை மறைத்தான் என்று புரிந்து அவன் பக்கம் திரும்பினாள்.

"இத்தனை நாளும் இதை ஒத்தையிலயா வச்சிருந்த?"

அப்போதுதான் அமலன் அழுதான்.