கை ஒழியாத சர்வர்

அருளப்பன் பிடிவாதக்காரர். நாகப்பட்டினத்து விசைப்படகுகள் கடலிலிருந்து அனுப்பும் அபாயக் குறியை வாங்கிக் கரைக்குச் சொல்லும் சர்வரை, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஜாவாவில் தானே எழுதியவர். இப்போது படகு நிற்கும் இடத்தை வலைப்பக்கத்திலும் காட்டச் சொன்னார்கள் அலுவலகத்தில். அந்த வேலைக்கென்றே ஆயத்தமாகக் கிடைக்கும் சர்வ்லெட் கண்டெய்னர் என்ற மென்பொருளைக் கொண்டுவந்து தன் சர்வருக்குள் குடிவைத்தார்.

அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் நாச்சியார். மகள் வயதுதான். ஆனாலும் இவர்தான் என் குரு என்று சொல்லிக்கொள்ள அருளப்பன் வெட்கப்பட்டதே இல்லை.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கிளம்பும் நேரம். சோதனையில் நிறையப் பேர் பக்கத்தைத் திறந்ததும், அபாயக் குறி ஒன்று பதில் இல்லாமல் கிடந்தது. அருளப்பன் நாச்சியாரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"மேடம், தனித்தனியா ஓட்டினா ரெண்டும் ஒழுங்கா ஓடுது. ஒண்ணா வெச்சா மட்டும் படகுக்கு ஏன் பதில் போக மாட்டேங்குது?"

நாச்சியார் நிரலைப் பார்க்கவில்லை. "இருங்கண்ணே, வந்துடறேன்" என்று வெளியே போனார்.

கொஞ்ச நேரத்தில் அலுவலக ஆள் ஒருவர் வந்து, பிரிண்டர் ஏன் மக்கர் பண்ணுகிறது என்று கேட்டார். அவர் பின்னாலேயே வைஃபை வரவில்லை என்று ஒருவர். பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று இன்னொருவர். யாரையும் திருப்பி அனுப்பத் தெரியாத மனிதர் அருளப்பன். ஒவ்வொருவரையும் உட்கார வைத்து விளக்கினார். சட்டைப்பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. இவருக்குச் சொல்லிவிட்டு எடுப்போம் என்று ஒவ்வொரு தடவையும் நினைத்தார். கூட்டம் கலைந்து எடுத்துப் பார்த்தால், எல்லாமே நாச்சியாரின் அழைப்பு.

நாச்சியார் உள்ளே வந்ததும் அருளப்பன் எரிச்சலோடு கேட்டார்.

"ஆளுங்கள அனுப்பினதும் நீங்கதானா?"

"ஆமா. போன் அடிச்சதும் நான்தான். ஏண்ணே எடுக்கல?"

"வந்தவங்களுக்குப் பதில் சொல்லிட்டிருந்தேன். கை ஒழியல."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. வரும் அழைப்புகளுக்குப் பதில் சொல்ல சர்வரில் சில த்ரெட்களை வைத்திருந்தார். வேலையாட்கள் மாதிரி அவை. வீணாக்க வேண்டாமே என்று, அதே ஆட்களைக் கண்டெய்னருக்கும் கொடுத்திருந்தார். பக்கம் பார்க்க வந்தவர்களிடமே அத்தனை ஆட்களும் மாட்டிக்கொள்ள, படகின் அபாயக் குறியை எடுக்க ஒருவரும் மிச்சமில்லை. தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து அவருக்கே கூசியது.

"அப்ப கண்டெய்னரைக் கழட்டிடவா?"

"யாரு கழட்டச் சொன்னா?"

அருளப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முடிக்காமல் எழுந்திருப்பதில்லை என்று உட்கார்ந்த உட்காரல் அது. படகுகளுக்கென்று தனி த்ரெட்கள், வேறு யாரும் தொட முடியாதபடி. கண்டெய்னருக்கு அளந்து சில. மறுபடியும் சோதனை. அத்தனை பேரும் பக்கத்தைத் திறந்து வைத்திருக்க, அபாயக் குறிக்கு உடனே பதில் போனது.

அவர் முகம் மலர்ந்தது. அப்புறம் வாடியது.

"மேடம், பக்கம் இப்ப மெதுவா வருது. பாக்க வர்றது படகுக்காரங்க வீட்டு ஜனங்க. காத்துக் கிடந்தா என்னைத் திட்டுவாங்க."

"திட்டட்டும்ணே" என்றார் நாச்சியார். "அவங்க கரையில இருந்துதானே திட்டுறாங்க."